மச்சான் ஊருக்குப் போயிட்டான்

“உங்க அண்ணன் என்ன பண்ணாருன்னு மட்டும் சொல்லு, மத்ததை நான்…”

“அண்ணன் ஒண்ணும் பண்ணல. எத்தனை தடவைங்க நான்…”

“ஒண்ணும் பண்ணாதவரை எடுங்க எடுங்கன்னு எதுக்குக் கத்தின? ஆஸ்பத்திரியில, என் காதுபட. ‘மச்சானை எடுங்க, மச்சானை எடுங்க’ன்னு. நர்ஸம்மா என்னையத்தான் முறைச்சாங்க.”

“மயக்கத்துல ஆயிரம் உளறுவாங்க.”

“உளறுறவ அண்ணன்னு உளறியிருக்கணும். அவர் எனக்குத்தானே மச்சான்? எனக்குப் புரியட்டும்னுதான் என் முறையை வெச்சுச் சொல்லியிருக்க.”

அவள் தலையணைமேல் கிடந்த வலது கையைப் பார்த்தாள். கட்டு பெரியதாக இருந்தது; ஆனால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முடிந்துபோன இடத்தில் அதுவும் முடிந்துபோனது. டின் மூடி அடிக்கும் பிரஸ் மெஷின் அந்த இரண்டையும் எடுத்து இருபத்தோரு நாள் ஆகிறது. அந்தப் பிரஸ் பிரிவுக்கு சூப்பர்வைசர் அவளுடைய அண்ணன். கணவனோ டவுன் பஸ் டிரைவர். எதிரே வருகிற எவனும் இண்டிகேட்டர் போடாமல் திரும்புவான் என்றே இருபது வருஷமாக நம்பி ஓட்டுகிறவன்.

மேஜைமேல் கம்பெனி அனுப்பிய பழக்கூடை, பிரிக்காமல்.

“மூணு வாரமா எட்டிப் பாக்காதவங்க நேத்து பழம் அனுப்பறாங்க. இன்னிக்கு உங்க அண்ணன் வரேன்னு போன் பண்றாரு. நாளைக்கு விசாரணைக்குக் கவர்மெண்ட் ஆபீஸர் வராரு. என்ன வரிசை பாத்தியா?”

“பழத்துல கூடவா சந்தேகம்?”

“நீயே ஒண்ணு எடுத்துச் சாப்பிட்டியா?”

அவள் கூடையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கதவைத் தட்டிக்கொண்டு அண்ணன் வந்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். தங்கையின் முகத்தைப் பார்த்தான், கையைப் பார்க்கவில்லை.

“எப்படி இருக்க பாப்பா?”

“இருக்கேண்ணே.”

“மாப்ளே, ஒரு சின்ன வேலை. ஒரே ஒரு தாள். ஃபார்மாலிட்டி.”

“சின்ன வேலைக்கு ஏன் மச்சான் இப்படி வேர்க்குது உங்களுக்கு?”

தாளைக் கணவனே பிடுங்கி, உரக்கப் படித்தான். “‘மச்சான் எனத் தொழிலாளர்கள் அழைக்கும் மரத்துண்டை, நிர்வாகத்துக்குத் தெரியாமல், என் சொந்த வசதிக்காக நானே மெஷினில் பொருத்திக்கொண்டேன். விபத்துக்கு என் கவனக்குறைவே…’” நிறுத்தினான். “மரத்துண்டா? அப்போ மச்சான்னா இவர் இல்லையா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. கை வலித்ததும் அடங்கியது.

“அந்த மெஷினுக்கு ரெண்டு பக்கமும் பொத்தான் இருக்குங்க. ரெண்டையும் ரெண்டு கையால அமுக்கினாத்தான் அச்சு கீழ இறங்கும். ரெண்டு கையும் பொத்தான்ல இருந்தா அடியில எந்தக் கை போகும்? அதுக்குத்தான் அப்படி. ஒரு பொத்தான்ல மரத்துண்டைச் சொருகிட்டா அது அமுங்கியே கிடக்கும். ஒரு கையால தகடு வெச்சுக்கிட்டே இன்னொரு கையால மத்த பொத்தானை அடிச்சுத் தள்ளலாம். மூடி ரெண்டு மடங்கு விழும்.”

“அதுக்கு ஏன் என் முறையைப் பேரா வெச்சீங்க?”

“சும்மாவே உட்கார்ந்திருக்கும். ஆனா அது இல்லாம அங்க ஒரு வேலை நடக்காது. அதான்.”

“பொம்பளைங்க கிண்டலுக்கு வெச்ச பேரு மாப்ளே,” என்று அண்ணன் சிரிக்கப் பார்த்தான்.

கணவன் சிரிக்கவில்லை. மச்சான் ஆள் இல்லை என்று தெரிந்ததில் அவனுடைய சந்தேகம் தீரவில்லை, இடம்தான் மாறியது. “பிரேக் பிடிக்காத வண்டிய டிப்போவிலேருந்து வெளிய விட்டுட்டு, மோதினப்புறம் டிரைவர் மேல எழுதினா ஒத்துப்பீங்களா? பிரேக்கைப் பாக்க வேண்டியது யாரு?”

“நான் சட்டம் பேச வரல. பாப்பா, இதுல கையெழுத்துப் போட்டுட்டா பேக்கிங்ல உட்கார்ந்து பாக்கற வேலை தரேன்னு சொல்லியிருக்காங்க. போடலைன்னா உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு.”

“போட்டுட்டா ஆபீஸர் அதைப் படிச்சுட்டு, தப்பு இவளோடதுன்னு எழுதிட்டுக் கிளம்பிடுவாரு. அப்புறம் இந்தக் கைக்கு யாரு பொறுப்பு?”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க,” என்றாள் அவள். அண்ணனின் பிள்ளைகள் அவள் மடியில் வளர்ந்தவர்கள். “எப்படிண்ணே போடறது? இடது கையால கிறுக்கினா செல்லுமா?”

“கைநாட்டு போதும்.” சட்டைப் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“அடேயப்பா, மை வரைக்கும் யோசிச்சு அனுப்பியிருக்காங்க!” என்றான் கணவன்.

அவள் இடது கட்டைவிரலை மையில் அழுத்தினாள். தாளைப் பக்கத்தில் இழுத்து ஒருதரம் தானே படித்தாள். விரல் அந்தரத்திலேயே நின்றது.

“அண்ணே, இந்தப் பேரை கம்பெனி ஆபீஸ்ல யாரு சொன்னது?”

“எந்தப் பேரை?”

“மச்சான்னு. ஆபீஸ் ஆளுங்க காதுல அது விழவே கூடாதுன்னு நீதானே சொல்லுவ? வெளியிலேருந்து யாராவது சோதனைக்கு வந்தா வாசல்லேருந்து ‘மச்சான் ஊருக்குப் போயிட்டான்’னு குரல் கொடுப்ப. நாங்க எல்லாரும் கட்டையை உருவி மடியில ஒளிச்சுப்போம். அவங்க போனதும் ‘மச்சான் வந்தாச்சு’ம்ப. திரும்பச் சொருகுவோம்.”

கணவன் மெதுவாக மச்சானைத் திரும்பிப் பார்த்தான்.

“அதெல்லாம் இப்போ எதுக்கு பாப்பா?”

“நீயா போய்ச் சொன்ன?”

“நானா? நான் ஏன் சொல்றேன்? சத்தியமா இல்ல. மேனேஜர் டைப் பண்ணியே வெச்சிருந்தாரு. கொண்டுபோய்க் குடுன்னாரு, கொண்டுவந்தேன். நான் ஒரு எழுத்துகூடச் சொல்லல.”

“அப்போ அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு.”

அண்ணன் தாளுக்குக் கை நீட்டினான். சொன்னது என்னவென்று அப்போதுதான் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும்.

“‘நிர்வாகத்துக்குத் தெரியாமல்’,” என்று கணவன் அந்த வரியை மட்டும் மறுபடி படித்தான். “தெரியாத பொருளுக்குப் பேரு மட்டும் எப்படித் தெரியும் மச்சான்?”

“மாப்ளே, தாளைக் குடுங்க. வேற மாதிரி எழுதி…”

“தாள் இங்கயே இருக்கட்டும்,” என்றாள் அவள். மை காயாத விரலைப் பழைய துணியில் துடைத்தாள். அழுத்தி, ரேகை தெரியாமல் போகும் வரைக்கும் துடைத்தாள்.

“பாப்பா, ஆபீஸர்கிட்ட என்னையும் சேர்த்துச் சொல்லப் போறியா?”

அவள் அண்ணனையே பார்த்தாள். சின்ன வயதில் இவன் பொய் சொன்னால் இடது காது சிவக்கும். இப்போது இரண்டு காதும் சிவந்திருந்தன.

“ஆர்டர் அவசரம்னு இந்த மூணு வாரமும் மெஷினும் நிக்கல, மச்சானும் ஊருக்குப் போகலைன்னு கேள்விப்பட்டேன்,” என்றாள். “என் இடத்துல யாரைண்ணே உட்கார வெச்சிருக்க?”