டிரைவர் விட்டுப்போன நாவல்

"வலிக்காது" என்று ஒரு நாளைக்கு இருபது பொய் சொல்கிற பல் டாக்டர் நான். ஆனால் அந்த பஸ் டிரைவரிடம் சொன்ன பொய் அந்தக் கணக்கில் சேராது.

நாற்பத்திரண்டு வயதில் எனக்கு மறுபடி நாவல் படிக்க ஆசை வந்தது. கல்லூரி நாட்களில் சாப்பிடும்போதுகூடப் புத்தகமும் கையுமாக இருந்தவள்தான். வீட்டுக்காரர் ஊரே மெச்சும் ஒரு நாவலை வாங்கி வந்தார். செங்கல் கனம். எடுத்தவுடனே நாலு தலைமுறை வம்சாவளி. யார் யாருக்கு மாமா என்று பிடிபடுவதற்குள் கொட்டாவி வந்துவிட்டது.

"உனக்கு எதுக்கு புக்? தலையணையே போதுமே" என்று சிரித்தார் மனுஷன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீம்புக்கு இன்னும் மூன்று வாங்கினேன். மூன்றும் பத்தாம் பக்கத்திலேயே படுத்துக்கொண்டன. இனி இந்தக் கண்ணுக்கு எக்ஸ்ரே மட்டும்தான் போலிருக்கிறது என்று நிஜமாகவே பயந்துபோனேன்.

அந்தச் சமயத்தில்தான் டிரைவர் வேர் சிகிச்சைக்கு வந்து, வெளியே நாற்காலியில் ஒரு நாவலை மறந்துவிட்டுப் போனார். அட்டை பாதி இல்லை. பேர் எழுதியிருக்கிறாரா என்று பார்க்கத்தான் புரட்டினேன். கப்பல் சமையல்காரன் ஒருவன் நடுக்கடலில் காணாமல் போகிறான். அவன் பெண்டாட்டி அதே கப்பலில் சமையலுக்குச் சேர்கிறாள். அவ்வளவுதான், நான் தொலைந்தேன். நோயாளிகளைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு அந்த இடைவெளியில் அரைப் பக்கம் படித்தேன். ஒருவரை ஐந்து தடவை கொப்பளிக்க வைத்தேன். பாவம், நல்ல மனுஷர், கேள்வியே கேட்கவில்லை.

அடுத்த வாரம் டிரைவர் வந்தார். "டாக்டரம்மா, இங்க ஒரு புக்கை விட்டுட்டுப் போனேனா?"

இன்னும் எண்பது பக்கம் இருந்தது. "இல்லையே" என்று வாய் முந்திக்கொண்டது.

"டெப்போவுல ஒவ்வொரு பஸ்ஸா சீட்டுக்கு அடியில தேடிட்டேன். இருபது வருஷம் கழிச்சு இப்பதான் படிக்க ஆரம்பிச்சேன். அந்தப் பொண்ணு சரக்கு ரூம்ல இறங்குற இடத்துல அப்படியே நிக்குது. வேற எதை எடுத்தாலும் மனசு ஒட்டல. படிக்கிறதையே விட்டுடலாம்னு இருக்கேன்."

சரக்கு அறையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முகத்தை மாஸ்க் மறைத்ததால் பிழைத்தேன். மத்தியானம் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு மீதியையும் முடித்தேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு புத்தகம்! சந்தோஷம் ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. என்னைப் போலவே தட்டுத்தடுமாறித் திரும்பி வந்தவர் அவர். அவர் வாசிப்பையே விட்டால் அந்தப் பாவம் எனக்குத்தான்.

"போன் பண்ணிச் சொல்லிடுங்களேன்" என்றார், என் புலம்பலைக் கேட்ட கவுண்டர் அக்கா.

"என்னன்னு? டாக்டரே அமுக்கிட்டாங்கன்னா?"

"அப்ப வாயில பஞ்சு இருக்கும்போது சொல்லிடுங்க. திட்ட முடியாதுல்ல."

மூன்றாவது தடவை அவர் வந்தபோது அப்படியே செய்தேன். ஈறு மரக்க ஊசி போட்டு, வாய் நிறையப் பஞ்சு வைத்து, புத்தகத்தை அவர் மடியில் வைத்தேன். "நான்தான் வச்சிருந்தேன். பொய் சொல்லிட்டேன். தப்புதான், மன்னிச்சுடுங்க."

கண் இரண்டும் என்னை எரித்தன. பதற்றத்தில் என் வாய் நிற்கவில்லை. "ஆனா சரக்கு ரூம்ல அவ இறங்கினதும் பாருங்க..."

சட்டென்று அவர் கை உயர்ந்தது. வலித்தால் கை தூக்கச் சொல்வது எங்கள் வழக்கம். "வலிக்குதா?" என்றேன். இல்லை என்று தலையாட்டி, என் வாயைக் காட்டி, மூடு என்று சைகை செய்தார். மூடிக்கொண்டேன். கேப் போடுவதற்காகப் பல்லைச் செதுக்கி அளவெடுத்து அனுப்பினேன்.

வெளியே போனவர் வீட்டுக்குப் போகவில்லை. கோணிய உதட்டோடு அதே நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். சாயங்காலம் கடைசி நோயாளியும் போய், அக்கா சாவியை எடுத்தார். டிரைவருக்கு இன்னும் முப்பது பக்கம் இருந்தது.

"டாக்டர், இவரைக் கிளம்பச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்கா, நீங்க கிளம்புங்க. நான் பூட்டிக்கறேன்" என்றேன். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அவர் மெதுவா முடிக்கட்டும். கதை தெரிஞ்ச ஆள் ஒருத்தர்கிட்டயாவது நான் பேசியாகணும்."

டிரைவர் நிமிர்ந்து பார்க்காமலே அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.