மொட்டைக்குப் பிறகு தோன்றிய வேண்டுதல்

என் மகள் ஹர்ஷினியின் முடியில் உருளைச் சீப்பைச் சிக்க வைத்தவன் நான்தான். யூடியூபைப் பார்த்து முடியைச் சுருட்டினேன். அழகாகச் சுருண்டது, அவிழத்தான் மாட்டேன் என்றது. நகரியில் விசைத்தறி ரிப்பேர் செய்கிறவன் நான், என் பையில் நூல் வெட்டும் கத்தரி எப்போதும் இருக்கும். சீப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளையின் தலைதான் எலி கடித்த பாய்போல் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பகல் மட்டும் என்னோடு இருக்கலாம் என்பது கோர்ட் உத்தரவு. சாயங்காலம் திருச்சானூரில் அவள் அம்மா ரூபாவிடம் ஒப்படைக்க வேண்டும். நல்லவேளை, நான் குடியிருக்கும் ஊர் திருப்பதி. இங்கே மொட்டையைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவள் பயப்படக்கூடாதே என்று சலூனில் முதலில் நான் உட்கார்ந்தேன். பிறகு ரெண்டு மொட்டைகளும் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினோம்.

கேட்காத ஊரில் ரூபா மட்டும் கேட்டாள்.

"வேண்டுதல்," என்றேன்.

"இன்னா வேண்டுதல்?"

"அத வெளிய சொல்லக்கூடாது."

அடுத்த வாரம் வாய்தா. சனிக்கிழமை ராத்திரியும் பிள்ளை என்னிடம் தங்க வேண்டும் என்று மனு போட்டிருந்தேன்.

"கெடைக்குமா சார்?" என்று என் வக்கீல் முனிகிருஷ்ணனைக் கேட்டேன்.

"பார்ப்போம்," என்றார். என் கல்யாணம் நிலைக்குமா என்று ஜோசியரைக் கேட்டபோது அவரும் இதைத்தான் சொன்னார்.

அம்மாவைக் கேட்காமல் மொட்டை போட்ட தகப்பனை நம்பி ராத்திரி எப்படி விடுவது என்று ரூபாவின் வக்கீல் கேட்டார். நியாயமான கேள்வி. ஜட்ஜம்மா ஹர்ஷினியை மட்டும் தன் அறைக்கு அழைத்துப் பேசினார். பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் மறுபடி சேரணும்னு வேண்டிக்கிட்டுதான் மொட்டையாம். பாப்பா சொல்றா. நிஜமா?"

ரூபா என்னைப் பார்த்தாள். ஆமாம் என்றால் நான் நல்ல தகப்பன், பக்திமானும்கூட. ஹர்ஷினி, பரீட்சையில் பக்கத்துப் பிள்ளைக்கு விடை காட்டுகிறவள்போல, தலையை லேசாக ஆட்டினாள்.

"இல்லீங்கம்மா. சீப்பு மாட்டிக்கிச்சு. பயந்துக்கினு பொய் சொல்லிட்டேன்."

ஜட்ஜம்மா சிரிக்கவில்லை. "உங்க பொய்யைக் காப்பாத்துறது இந்தக் குழந்தையோட வேலை இல்லைங்க," என்றார். உத்தரவைத் தள்ளி வைத்தார்.

வெளியே வந்ததும் ஹர்ஷினி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன் நைனா சொன்னே? இப்ப ராத்திரிக்கு உடமாட்டாங்களே."

"நீ ஏம்மா அப்பிடிச் சொன்னே?"

"நீ பொய்யா வேண்டிக்கினே. நான் நெஜமாவே வேண்டிக்கினேன்."

வாயில் எப்போதும் ஒரு ஜோக் தயாராக வைத்திருப்பவன் நான். விளையாட்டாக ஆயிரம் தடவை கேட்டதை அன்றுதான் ரூபாவிடம் ஒழுங்காகக் கேட்டேன்.

"நாம சேருவமா, ரூபா?"

அவள் குனிந்து பிள்ளையின் மொட்டையில் கை வைத்தாள். இப்போதுதான் முள் முள்ளாக முளைத்திருந்தது.

"மாட்டோம். இனிமே சேரமாட்டோம்," என்றாள், எனக்கும் பிள்ளைக்குமாக. "சனிக்கிழம சாயங்காலம் வா. நானே அனுப்புறேன்."