முதுகுக்குப் பின்னால் ஒரு பந்து

"உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேணும்?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

"எனக்குக் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ரிப்பேர்தாங்க வேலை. வீட்டுக்கு வந்தா எதையும் ரிப்பேர் பண்ணக் கூடாது. அவ்வளவுதான் என் ஆசை."

"எதையுமேவா?"

"எதையுமே."

பெண் பார்க்கும் படலத்தை இரண்டு குடும்பமும் ஒரு காப்பிக் கடையில் வைத்திருந்தார்கள். பெரியவர்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். "முதுகு விஷயத்தை நீயே சொல்லிடு. நாங்க சொன்னா பெரிசாத் தெரியும்" என்று அவளுடைய அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அவளும் அதற்கென்று ஒரு வாக்கியத்தை அழகாகத் தயார் செய்து வைத்திருந்தாள். அந்த 'எதையுமே'வுக்குப் பிறகு வாக்கியம் காப்பியோடு சேர்ந்து வயிற்றுக்குள் இறங்கிவிட்டது. மனிதரை அதற்குள் பிடித்துப்போனதுதான் வினை.

கல்யாணமாகி நாலு மாதம். வாக்கியம் இன்னும் வெளியே வரவில்லை.

கல்லூரிக் கடைசி வருடத்தில் இடுப்புக்கு மேலே வந்து குடியேறிய வலி அது. வாடகையும் தராது, காலியும் செய்யாது. ஒரு வாரம் சாதுவாக இருக்கும். மறு வாரம் தும்மினால் கூட உலுக்கி எடுக்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருபத்தாறு வயதுப் பெண் பஸ்ஸில் உட்கார இடம் கேட்டால் பார்ப்பவர்கள் முறைப்பார்கள். அதனால் அவள் யாரிடமும் எதையும் கேட்பதை விட்டுவிட்டாள். கீழே விழுந்த பேனாவைக் கால் விரலால் எடுப்பாள். காலை அப்படியே நுழைத்துக்கொள்ளும் செருப்பாகப் பார்த்து வாங்குவாள்.

வேலை மட்டும் வாய்ப்பாக அமைந்தது. மெத்தைக் கடையில் விற்பனைப் பெண். குடும்பமாக வருகிறவர்களில் ஒரு பெண்மணியைப் பிடித்து, "நீங்களும் படுத்துப் பாருங்கம்மா, சும்மா கையால அமுக்கிப் பார்த்தா என்ன தெரியும்?" என்று தானும் பக்கத்துக் கட்டிலில் மல்லாந்துவிடுவாள். முகத்தில் தானாக ஒரு நிம்மதி வரும். அது நடிப்பில்லை என்பது வந்தவர்களுக்கே தெரியும். மெத்தை விற்றுப்போகும். மேனேஜர் அவளைத் 'தூங்குமூஞ்சி' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் மாதாமாதம் பரிசும் அந்தத் தூங்குமூஞ்சிக்குத்தான்.

அந்த மேனேஜர் பாசத்தில் செய்ததுதான் வம்பாகப் போயிற்று. கடையிலேயே மிருதுவான மெத்தையைக் கல்யாணப் பரிசாக அனுப்பிவிட்டார். படுத்தால் ஆள் காணாமல் போகும் ரகம். நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு அதில் படுத்தவள், ஐந்தாம் நாள், "எனக்குத் தரைதாங்க குளுகுளுன்னு இருக்கு" என்று பாயை விரித்துவிட்டாள்.

"சரி" என்றான் அவன். அதற்குப் பிறகு அவன் கொஞ்சம் அடங்கிப்போனான். முன்பெல்லாம் லிஃப்டில் சிக்கியவர்களின் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைப்பவன், இப்போது விருந்தாளி மாதிரி மரியாதையாக இருந்தான்.

"சொல்லித் தொலையேண்டி" என்றாள் கடையில் பில் போடும் அக்கா. அவளுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும். "மெத்தை விக்கிறவ தரையில படுக்கறான்னு தெரிஞ்சா கடையையே மூடிடுவாங்க."

"சொன்னா, ஓட்டை உடைசலைத் தலையில கட்டிட்டாங்கன்னு நினைச்சிட்டா?"

"நினைச்சா அந்த டென்னிஸ் பந்தை எடுத்து அவர் தலையிலயே போடு."

அந்தப் பந்து பிசியோதெரபிஸ்ட் கொடுத்த யோசனை. கிடங்குச் சுவரில் சாய்ந்து, முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் பந்தை வைத்து உருட்டினால், முடிச்சு மெல்ல அவிழும். கடை அலமாரியில் ஒளித்து வைத்திருந்தாள். வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை.

இன்றைக்கு நாத்தனாரின் பிறந்தநாள். மாலையில் எல்லோருக்கும் வெளியே சாப்பாடு. அந்தப் பெண் அண்ணிக்கென்று ஆசையாக வாங்கித் தந்த செருப்பு, இரண்டு மாதமாகப் பெட்டியிலேயே கிடந்தது. கணுக்காலைச் சுற்றி வார் போட்டுக் கொக்கி மாட்டும் செருப்பு. "பிடிக்கலைன்னா சொல்லிடுங்க அண்ணி, மாத்திக்கலாம்" என்று போன வாரம்கூடச் சொன்னாள், குரல் சற்றே இறங்கி. இன்றைக்குப் போட்டே ஆக வேண்டும். இன்றைக்கென்று பார்த்து முதுகு பலகையாக இறுகிக் கிடந்தது.

அவன் குளிக்கப் போனதும் அவள் நின்றபடியே கொடியில் காய்ந்த துணிகளை எடுத்தாள். அவன் இரவில் போட்டு, தானே துவைத்துக்கொள்ளும் டீ-ஷர்ட்டின் முதுகில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. திருப்பிப் பார்த்தாள். பழைய துணியில் ஒரு பை. நைலான் நூலால் கோணல்மாணலாக, ஆனால் லிஃப்டையே தாங்குகிற உறுதியோடு தைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரு டென்னிஸ் பந்து.

கடை அலமாரியில் இருப்பதை அவன் கண்டுபிடித்துவிட்டானா?

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவன் அவள் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, திருடன் மாதிரி நின்றான்.

"என்னங்க இது?"

"அது... குறட்டைக்கு."

"எதுக்கு?"

"மல்லாந்து படுத்தாத்தான் குறட்டை வருமாம். முதுகுல பந்து இருந்தா மல்லாந்து படுக்க முடியாது. எங்க சூப்பர்வைசர் சொன்னாரு. அவர் வீட்டுல சரியாயிடுச்சாம்."

"நீங்க குறட்டை விடறதா யார் சொன்னா?"

"யாராவது சொல்லணுமாக்கும்? நாலே நாள்ல பொண்டாட்டி கட்டிலை விட்டு இறங்கிட்டா. அப்பவே புரிஞ்சுக்க வேண்டியதுதான்" என்றான் அவன், டவலைப் பார்த்துக்கொண்டே. "மூணு வாரமாப் பந்து மேல படுத்து எனக்கு விலா எலும்பெல்லாம் விட்டுப்போச்சு. நீ மேல வந்தபாடில்லை."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த வேகத்தில் முதுகு பளீரென்று இழுக்க, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர், வாயில் சிரிப்பு. அவன் பதறிப்போய் ஓடிவந்தான்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? அவள் பையிலிருந்து பந்தை எடுத்தாள். சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்து, கண்ணை மூடி மேலும் கீழும் உருட்டினாள். வலி கொஞ்சம் வழிவிட்டது. உருட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கல்லூரி, தும்மல், மெத்தை, பாய், காப்பிக் கடை.

"ரிப்பேரே இல்லாத வீடு வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நானா? எப்போ?"

"பெண் பார்க்க வந்தப்போ."

அவன் யோசித்தான். "அன்னைக்குக் காலி டம்ளர்லயே ரெண்டு தடவை தண்ணி குடிச்சவன் நான். அவன் பேச்சையெல்லாமா மனசுல வச்சுக்குவ?"

அவள் மறுபடியும் சிரித்தாள், இம்முறை ஜாக்கிரதையாக.

"லிஃப்ட் நின்னுட்டா உள்ள இருக்கறவங்க மணி அடிக்கணும்மா" என்றான் அவன். "நல்ல பிள்ளையா உள்ளேயே நின்னுட்டிருந்தா வெளியில இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்?" பிறகு கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். "அப்போ இந்த மெத்தைதான் வில்லனா? நாளைக்கே மேனேஜர்கிட்ட மாத்திக்கலாம். கல்லு மாதிரி ஒண்ணு கேளு. எனக்கும் இதுல படுத்தா புதைகுழியில இருக்கற மாதிரிதான் இருக்கு."

போன் அடித்தது. நாத்தனார். "அண்ணி, கிளம்பியாச்சா? எல்லாரும் வந்தாச்சு, அண்ணனைத் தவிர யாரும் லேட் இல்லை."

"இதோ வந்துட்டோம்" என்றாள் அவள்.

அவன் சட்டை மாட்டி, சாவியை எடுத்துக்கொண்டு, "வேற ஏதாவது செய்யணுமா?" என்றான்.

"ஒண்ணும் வேணாம்." நாக்கு பழக்க தோஷத்தில் முந்திக்கொண்டது.

செருப்பைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கதவருகே வைத்திருந்தாள். காலை உள்ளே விட்டாள். வார் இரண்டும் தரையில் அவிழ்ந்து கிடந்தன. பக்கத்திலேயே பழைய செருப்பு, 'வா, நான் இருக்கேன்' என்பது போல. அவள் இதுவரை யாரையும் தன் காலருகே குனியச் சொன்னதில்லை. அம்மாவைக்கூட. அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவசரப்படுத்தாமல் நின்றான்.

அவள் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க... எனக்குக் குனிய முடியலை. இந்த வாரைக் கொஞ்சம் மாட்டி விடறீங்களா?"