நூற்றுத் தொண்ணூற்றொன்பது வயது

1.

இந்தக் கதை தமிழில் இருப்பதற்கு இலக்கியக் காரணம் எதுவும் கிடையாது. என்னோடு நீந்தும் லாயிடுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ். தமிழில் என்னைவிட நன்றாகத் திட்டுவார், ஆனால் ஓர் எழுத்தைக் காட்டினால் பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். அவருக்குத் தெரியக் கூடாத ஒன்றை அவர் கண்ணெதிரிலேயே அச்சடித்து வைக்க இதைவிடப் பத்திரமான இடம் பெங்களூரில் இல்லை.

விஷயம் எங்கள் நண்பர் பெர்னார்டுடையது. எழுதச் சொன்னதும் அவர்தான். "நீங்க ஏதோ கதையெல்லாம் எழுதுவீங்களாமே உஷா. இத எங்கயாவது எழுதி வெச்சிருங்க. என்னால உள்ள வெச்சிக்க முடியல" என்றார். அவர் கத்தோலிக்கர்; பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயில் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் ஃபாதர் வெளியே சொல்லமாட்டார். பெர்னார்டுக்கு வேண்டியிருந்தது வெளியே சொல்லக்கூடிய ஆள். என்னை அவ்வளவு சரியாக எடைபோட்டு வைத்திருக்கிறார் மனுஷன்.

2.

முதல் ஆரம்பம்: 'அதிகாலைப் பனியில் குளத்தின் நீலம்...' (அடித்தாயிற்று. எங்கள் நீச்சல்குளம் பச்சை.)

இரண்டாவது: 'நாற்பதைக் கடந்த உடல்கள், தாங்கள் இழந்த இளமையைத் தண்ணீரில் தேடி...' (எங்களோடு நீந்தும் ஜூலியா காதில் விழுந்தால் உதைப்பார். அவருக்கு ஐம்பத்தைந்து. எதையும் இழந்ததாக அவர் நினைக்கவில்லை.)

மூன்றாவது ஆரம்பம் ஒரு படிவம். அதுதான் நடந்தது, அதையே வைத்துக்கொள்கிறேன்.

வயதானவர்களுக்கான நீச்சல் போட்டிக்கு மாஸ்டர்ஸ் என்று பெயர். அதில் ரிலே நீந்த நாலு பேர் வேண்டும்; நாலு பேர் வயதையும் கூட்டிப் பிரிவு போடுவார்கள். 160 முதல் 199 வரை ஒரு பிரிவு. 200 முதல் 239 வரை அடுத்தது. எங்கள் அணித் தலைவி ஜூலியா, படிவத்தைக் குளத்தங்கரை பெஞ்சில் வைத்துக் கூட்டினார். ஜூலியா 55, லாயிட் 49, பெர்னார்ட் 48, நான் 47.

"நூத்தித் தொண்ணூத்தொம்போது" என்றார். யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது அவர் குரல்.

ஒரு வயது கூடியிருந்தால் அடுத்த பிரிவில் நாங்கள்தான் குழந்தைகள், மெடல் நிச்சயம். இப்போதோ நாற்பதே வயதான நாலு பேர் வந்து எங்களைப் பிழிந்து காயப்போடுவார்கள்.

"என்ன மேன் பெர்னி, ஒரு வருஷம் முன்னாடி பொறந்திருக்கக் கூடாதா?" என்றார் லாயிட்.

எல்லோரும் சிரித்தோம். பெர்னார்ட் மட்டும் மூச்சை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டார்.

(அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதியிருந்தேன், அதையும் அடித்துவிட்டேன்.)

3.

படிவத்தில் 'முந்தைய போட்டி அனுபவம்' என்று ஒரு கட்டம் உண்டு. நான் 'முட்டிவலி' என்று எழுதினேன். டாக்டர் சொல்லி நாற்பது வயதில் நீச்சல் கற்றவளுக்கு வேறென்ன இருக்கும். லாயிட் எழுதியது: 1986, மாநிலப் போட்டி, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர், ஐம்பது மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக், வெள்ளி. பெர்னார்ட் எழுதியதும் அதே வரிதான், கடைசிச் சொல் மட்டும் தங்கம்.

அந்தத் தங்கத்தின் கதை அதுவரை அவருக்கு மட்டுமே தெரியும். அவர் பிறந்தது 1974 பிப்ரவரி. பள்ளியில் சேர்க்கும்போது அப்பா 1976 என்று போடவைத்தார். போட்டிக்குப் போகும் வழியில் ஆட்டோவில், "யாரு கேட்டாலும் பத்துன்னு சொல்லு" என்றார். அன்று பெர்னார்டுக்குப் பன்னிரண்டு முடிந்து மூன்று மாதம்; அந்தப் பிரிவில் நீந்தவே கூடாது. பத்து என்று சொன்னார். ஒரு கை நீள வித்தியாசத்தில் ஜெயித்தார். அப்பா அழுதார். பிறகு ஆதார், பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரம் எல்லாவற்றிலும் அதே பத்து வயதுப் பையன் வளர்ந்துகொண்டே போனான். சில பிறந்தநாட்களில் அவரே நம்பியும் விட்டார்.

இப்போது அணிக்கு வேண்டியது ஒரே ஒரு வயது. அவரிடம் இரண்டு இருந்தது.

மறுநாள் கோயில் அலுவலகத்துக்குப் போனார். ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து நகல் எடுத்துக் கொடுப்பவர் ஆஞ்சலா. பதிவேட்டையும் ஆதாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், நீங்க பொறக்கறதுக்கு ஒன்னே முக்கால் வருஷம் முன்னாடியே ஞானஸ்நானம் வாங்கிட்டீங்க."

"அவசரம்" என்றாராம் பெர்னார்ட்.

4.

கடைசித் தேதி சனிக்கிழமை. போட்டிக்காரர்கள் ஏதாவது ஒரு வயதுச் சான்று கேட்டிருந்தார்கள். ஞானஸ்நானச் சான்றும் செல்லும். அது ஒரு பிளாஸ்டிக் உறையில், நீச்சல் பையில், ஈர டவலுக்கு அடியில் இருந்தது. நீந்தி முடித்து, நின்றபடியே சாப்பிடும் தர்ஷினி ஓட்டலில் நின்றோம். இரண்டு பை-டூ காபி, ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரித்து நாலு தம்ளர். பெர்னார்ட் உறையை வெளியே எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து லாயிட் ஆரம்பித்தார். எனக்குத்தான் சொன்னார், நான் அதுவரை கேட்டதில்லை என்பதால்.

"உஷா, இவன் இருக்கானே, இவன்கிட்டதான் தோத்தேன். எனக்குப் பதினொன்னு, இவனுக்குப் பத்து. எங்க டாடி டிரேவர் பெரிய மனுஷன், சும்மா விடுவாரா? சின்னப் பையன்கிட்ட தோத்துட்டு வந்து நிக்கிற, போதும்னுட்டார். என் நீச்சல் ட்ரங்க்ஸ எடுத்து ஸ்கூட்டர் தொடச்சார் மேன். அப்புறம் முப்பது வருஷம் தண்ணிப் பக்கமே போகல."

"கோவமே வரலியா?" என்றேன்.

"அது எப்படி வரும்? பத்து வயசுல அப்படி நீந்தறான்னா அது கடவுள் குடுத்தது. அதுங்கிட்ட போய்ச் சண்டை போட முடியுமா?" என்று பெர்னார்டின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

பெர்னார்ட் உறையைப் பைக்குள் வைத்தார். ஜூலியா படிவத்தில் 199 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

5.

இந்த இடத்தில் நான் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு முடிவில் பெர்னார்ட் சொல்லிவிடுகிறார், லாயிட் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முப்பது வருஷம் அவ்வளவு மலிவா என்று எனக்கே எரிச்சல் வந்தது. இன்னொன்றில் லாயிட் அவரைக் குளத்தில் தள்ளுகிறார். இருவருமே நீச்சல்காரர்கள், அதனால் பயனில்லை. மூன்றாவதில் பெர்னார்ட் அந்தத் தங்கத்தை லாயிட் வீட்டுத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு...

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். லாயிட் வீட்டில் தபால்பெட்டி கிடையாது.)

6.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏழு அணிகளில் ஆறாவதாக வந்தோம். ஏழாவது அணியில் ஒருவருக்கு நீச்சல் கண்ணாடி கழன்றுவிட்டது, இல்லாவிட்டால் அந்த ஆறும் இல்லை. கரையில் மூச்சுவாங்க உட்கார்ந்திருந்தபோது லாயிட் விரல்விட்டு எண்ணினார்.

"நாம என்ன முட்டாளுங்க ஜூலியா. அடுத்த வருஷம் நாலு பேருக்கும் ஒன்னொன்னு கூடிடும். எரநூத்தி மூணு. யாரும் ஒன்னும் பண்ண வேணாம், சும்மா உயிரோட இருந்தா போதும்."

ஜூலியா விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான். பெர்னார்ட் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்திக்கொண்டேன். அதுவரை சொல்வதற்கு அவரிடம் ஒரு சாக்கு இருந்தது: அணிக்காக, மெடலுக்காக. இப்போது அதுவும் போயிற்று. இனிமேல் சொன்னால் லாயிடுக்காக மட்டும்தான் சொல்ல வேண்டும். அன்று மாலை என்னைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினார். கடைசியில், "அவன் தோக்கல உஷா. அத அவன் தெரிஞ்சிக்காமயே செத்துடக் கூடாது. ஆனா நான் சொல்லமாட்டேன்" என்றார்.

7.

இனி உங்கள் பாடு.

எங்கள் ரிலேயைப் பற்றி நான் எழுதுகிறேன் என்று லாயிடுக்குத் தெரியும். குளத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அச்சானதும் ஒரு பிரதி வாங்குவார், தன் பெயர் எங்கே என்று என்னைக் கேட்பார், நான் காட்டுவேன். மீதியைப் படித்துக்காட்ட நான் மாட்டேன் என்று இப்போதே முடிவுசெய்துவிட்டேன். பெர்னார்டும் மாட்டார். ஜூலியாவுக்கும் தமிழ் எழுத்து தெரியாது. ஆகவே மெட்ரோவிலோ தர்ஷினியிலோ தமிழ் தெரிந்த யாரையாவது பிடிப்பார். குளோரின் வாசனையும் குட்டைத் தலைமுடியுமாக ஒருவர் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா, எங்க கதைதான்" என்பார்.

முதல் இரண்டு பகுதிகளுக்கு நன்றாகச் சிரிப்பார். பிறகு மூன்றாவது பகுதி வரும். அவர் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.