இரண்டு கை வெள்ளை

அனுசியா வீட்டில் வெள்ளை என்றால் கோலப்பொடி. ரமீஜா வீட்டில் வெள்ளை என்றால் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு. ரமீஜாவின் கணவன் ஹுமாயூன் ஹார்டுவேர் கடை வைத்திருந்தான். ராஜபாளையத்தில் ஒரே சந்தில், ஒரே சுவரின் இரண்டு பக்கமும் பல வருடங்களாக இரண்டு குடும்பமும் இருந்தன. வெள்ளை இரண்டு என்று அந்த இரண்டு பெண்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியம் வந்ததில்லை.

காலாண்டு விடுமுறை. அனுசியா பேண்டேஜ் துணி கம்பெனிக்குக் காலை ஷிப்ட் போயிருந்தாள். அவள் கணவன் திருப்பூரில். மகள் நாச்சியாரை ரமீஜாதான் பார்த்துக்கொண்டாள். நாச்சியாருக்கு ஆறு வயது, ரமீஜாவின் மகள் சப்ரீனுக்கு ஒன்பது. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். வாட்ஸப்பில் டீச்சர் ஒரு விடுமுறை வேலை அனுப்பியிருந்தார். வீட்டிலேயே சாக் பெயிண்ட் செய்து, வாசலில் படம் வரைந்து, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.

சாக்பீஸ் டப்பாவுக்கு எங்கே போவது என்று ரமீஜா அனுசியாவுக்குப் போன் செய்து கேட்டாள்.

"சாக்பீஸ் எதுக்குக்கா? ரெண்டு கை வெள்ளை, ஒரு கை மைதா. தண்ணி விட்டுக் கலக்குங்க. கலருக்கு மஞ்சத்தூளு, நீலம், என்ன கெடக்கோ அதைப் போடுங்க. ரோட்டுல நல்லாப் பிடிக்கும்."

பின்னால் தறிச் சத்தம். அனுசியா வைத்துவிட்டாள்.

மாடிப்படிக்குக் கீழே கடைச் சரக்கு கொஞ்சம் அடுக்கியிருந்தது. ரமீஜா ஒரு சுண்ணாம்புப் பாக்கெட்டை எடுத்துப் பிரித்தாள். சுவரில் பிடிப்பது ரோட்டிலும் பிடிக்கும் என்றுதான் நினைத்தாள்.

கிண்ணங்களில் கலக்கினார்கள். கரண்டி கொடுத்தும் பிள்ளைகள் கையை விட்டார்கள். ரமீஜா அதட்டிக் கையைக் கழுவவைத்தாள். ஒரு கிண்ணத்தில் நீலம் விட்டாள். இன்னொன்றில் மஞ்சள்தூள் போட்டதும் அது மஞ்சளாக நிற்கவில்லை. சிவந்தது. நாச்சியார் கை தட்டினாள். அது தன் மந்திரம் என்றாள் சப்ரீன். ரமீஜாவும் சிரித்தாள்.

வாசலில் குந்தி வரைந்தார்கள்.

"என்னட்டி இது?" என்றாள் சப்ரீன்.

"மயிலு."

"மயிலா? சளி புடிச்ச கோழி மாதிரில்லா இருக்கு."

"ஒன் வீட்டுக் கோழிதான் சளி புடிச்சது."

நாச்சியார் அவள் கையிலிருந்த பிரஷைப் பிடுங்கினாள். சப்ரீன் விடவில்லை. இழுத்தபோது பிரஷ் தெறித்தது. ஒரு கட்டி நாச்சியாரின் வலது கண்ணில் விழுந்தது.

ரமீஜா அவளைத் தூக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோனாள். தலையைச் சாய்த்துத் தண்ணீரைத் திறந்தாள். பிள்ளை உதைத்தாள், அலறினாள், மூச்சு முட்டியது. ரமீஜா பயந்துபோய்க் குழாயை மூடினாள். முந்தானையால் துடைத்தாள்.

போன் போனதும் அனுசியா கம்பெனியில் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்தாள். பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனார்கள். கண்ணில் என்ன விழுந்தது என்று அவர் கேட்டார்.

"வெள்ளை," என்றாள் ரமீஜா.

"வெள்ளைதான் சார்," என்றாள் அனுசியா. "நான்தான் போடச் சொன்னேன்."

டாக்டர் தலையாட்டினார். அவர் வீட்டு வாசலிலும் கோலம் இருந்தது. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, பஞ்சு வைத்துக் கட்டினார். இரண்டு நாளில் சரியாகும் என்றார்.

வழியில் ரமீஜா அழுதாள். பிள்ளைகள் என்றால் அப்படித்தான், அழாதீங்க என்று அனுசியா அவளைத் தேற்றினாள்.

மதியம் ஹுமாயூன் சாப்பிட வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றப்போனவன் நின்றான். ரோட்டில் காய்ந்திருந்த சிவப்பைப் பார்த்தான். குனிந்து விரலால் தேய்த்து, எதைக் கலந்தாய் என்று கேட்டான். ரமீஜா சொன்னாள். அவன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"அனுசியா சொன்னது கோலப்பொடிட்டி."

"வெள்ளைன்னுதான் சொன்னா."

"அவிய வீட்டுல வெள்ளைன்னா கோலப்பொடி. கடையில எத்தனை பேரு கோலத்துக்கு வெள்ளை கேட்டு வந்துட்டுத் திரும்பிப் போறாவ, எனக்குத் தெரியாதா?"

ரமீஜா சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தாள். டாக்டரிடம் சொன்னதும் வெள்ளைதான். அவர் என்ன நினைத்து மருந்து கொடுத்தார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஹுமாயூன் யோசித்து யோசித்துப் பேசினான். டாக்டர் பார்த்தாயிற்று. மருந்தும் போட்டாயிற்று. காலையில் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். இப்போது போய்ச் சொன்னால், கடைச் சுண்ணாம்பை எடுத்துப் பிள்ளை கண்ணில் போட்டார்கள் என்று தெரு முழுக்கப் பேசும். பேசுகிறவர்கள் அதோடு நிறுத்த மாட்டார்கள். வேறு பேச்சும் வரும்.

ரமீஜா ஒன்றுதான் கேட்டாள். "வெள்ளையடிக்கிற சமுத்திரம் அண்ணனுக்கு ஒரு கண்ணு எப்படிப் போச்சு?"

கேட்டுவிட்டுக் கதவைத் திறந்து வெளியே போனாள்.

அடுத்த வீட்டில் நாச்சியார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அழுகை நின்றிருந்தது. செத்த நேரம் முன்னால்தான் தூங்கினாள், மருந்து வேலை செய்கிறது போல என்றாள் அனுசியா. ரமீஜாவுக்கு டீ போட எழுந்தாள்.

"டீ வேண்டாம். உக்காரு."

அனுசியா உட்கார்ந்தாள்.

"நான் கலந்தது கோலப்பொடி இல்ல. சுண்ணாம்பு."

"எந்தச் சுண்ணாம்பு? வெத்தலைக்குப் போடுததா?"

"சுவருக்கு அடிக்கிறது."

அனுசியா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

"டாக்டர் கேக்கையில பக்கத்துல நின்னீங்கள்லா."

"வெள்ளைன்னு சொன்னேன்."

"நானும் வெள்ளைன்னுதான் சொன்னேன்," என்றாள் அனுசியா.

எழுந்தாள். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஹுமாயூன் கடை லோடு வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தான். அவன் எப்போது வெளியே வந்தான் என்று ரமீஜாவுக்குத் தெரியவில்லை. சப்ரீனை எதிர்வீட்டில் விட்டுவிட்டு வந்து ஏறிக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு கண் டாக்டர் இருந்தார். புரட்டாசி சனிக்கிழமை. பக்கத்து மலைக்கோயிலான திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் வண்டி நின்று நின்று நகர்ந்தது. ஹுமாயூன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வளைவுகளில் ரமீஜாவின் தோள் அனுசியாமேல் படும். அனுசியா கதவுப் பக்கம் ஒதுங்குவாள். ஒதுங்க இடமில்லை.

கண் டாக்டர் ஒரு பெண். கட்டைப் பிரித்ததும் என்ன விழுந்தது என்று கேட்டார். அனுசியா ரமீஜாவைப் பார்த்தாள்.

"சுண்ணாம்பு," என்றாள் ரமீஜா. "சுவருக்கு அடிக்கிறது. காலையில விழுந்துச்சு. நான்தான் கலந்தேன்."

"காலையிலயா?"

டாக்டர் ஒரு காகிதத் துண்டைக் கண்ணோரத்தில் வைத்து எடுத்தார். அது நீலமாக மாறியிருந்தது. சுண்ணாம்பு இன்னும் உள்ளே இருக்கிறது என்றார். மேல் இமையைத் திருப்பியபோது இடுக்கில் வெள்ளைத் துகள்கள் ஒட்டியிருந்தன. பஞ்சு நுனியால் ஒவ்வொன்றாக எடுத்தார். கருவிழியில் பால் கலந்ததுபோல் ஒரு மூட்டம் இருந்தது.

நிறையக் கழுவ வேண்டும், தலையை ஒருவர் அசையாமல் பிடிக்க வேண்டும் என்றார்.

அனுசியா முன்னால் வந்தாள். கையை வைத்தாள். எடுத்துக்கொண்டாள்.

"நீங்க பிடிங்க," என்றாள் ரமீஜாவிடம்.

ரமீஜா பிடித்தாள். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஓடியது. நாச்சியார் முதலில் அம்மாவைக் கூப்பிட்டாள். பிறகு ரமீஜாவிடம், பெரியம்மா, விடுங்க பெரியம்மா என்றாள். அனுசியா சுவரைப் பார்த்து நின்றாள். ஹுமாயூன் வாசலுக்கு வெளியே, வெறுங்காலோடு நின்றிருந்தான்.

கழுவி முடித்ததும் டாக்டர் இன்னொரு காகிதத்தை வைத்துப் பார்த்தார். அது நிறம் மாறவில்லை. நாளைக் காலையில் மதுரைக்குப் போக வேண்டும், கடிதம் தருகிறேன் என்றார். பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று இன்று சொல்ல முடியாது. அனுசியா கேட்காமலே சொன்னார். கேட்கப்போவதை அவள் முகத்தில் பார்த்திருப்பார்.

பிள்ளையை எழுப்பி உட்காரவைத்தார்கள். டாக்டர் அவளுடைய இடது கண்ணை அட்டையால் மறைத்தார்.

"இந்தக் கண்ணால பாரு. எத்தனை விரல் காட்டுறேன்னு சொல்லணும். சரியா?"

அனுசியா அப்போதுதான் திரும்பினாள்.

"மூணு," என்றாள் நாச்சியார், உடனே.

டாக்டர் இன்னும் கையைத் தூக்கவில்லை.