தொஸ்ஸானின் இடது கால்

என் சித்தி மகன் நோரிஃபுமி நாலு பேர் பார்க்க அழ வேண்டும் என்று அரை நூற்றாண்டாகக் காத்திருந்தவள் நான். இந்த வயதில் இது அழகா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவர்களுடைய தொஸ்ஸானை யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை.

தொஸ்ஸான் டிவியில் வந்த ராட்சதன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடலிலிருந்து எழுந்து வருவான், மின்கம்பங்களை மிதித்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போவான். நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அப்பா சகாய் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் அவனுடைய வினைல் பொம்மையை வாங்கிக் கொடுத்தார். பச்சை உடம்பு, ஆரஞ்சு வயிறு, சாண் நீளத்துக்கு வால். மற்ற பெண்கள் பொம்மைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் என் பெயரைத் தொஸ்ஸானின் உள்ளங்காலில் எழுதி, தினமும் அவனோடு குளித்தேன்.

வெந்நீர் பட்டால் வினைல் இளகும், கால் கையோடு வந்துவிடும். உள்ளே வெறும் பொந்து. அந்த ரகசியம் எனக்குத் தொட்டியில்தான் தெரிந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் என் கீழ்வரிசை முன்பல் விழுந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி மேல் பல் என்றால் வீட்டுத் தரைக்கு அடியில் எறிய வேண்டும், கீழ்ப் பல் என்றால் கூரைமேல். அப்போதுதான் புதுப் பல் அதை நோக்கி நேராக முளைக்கும். நாங்கள் இருந்ததோ அடுக்குமாடிக் குடியிருப்பின் நடு மாடி. எங்கள் கூரை என்பது மேல்வீட்டுக்காரர்களின் தரை.

"எங்கயாவது எறிஞ்சு யார் தலையிலயாவது விழப்போகுது. குப்பையில போட்டுட்டுக் கை கழுவு," என்றாள் அம்மா.

எனக்கு மனசு வரவில்லை. தொஸ்ஸானின் இடது காலைக் கழற்றி, பல்லை உள்ளே போட்டு, காலைத் திரும்ப மாட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவனை ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரும். யாரிடமும் சொல்லவில்லை. என் பல் அவனுக்குள் இருக்கிறது, இனி அவனை என்னிடமிருந்து யாரும் பிரிக்க முடியாது என்று நினைத்தேன். ஒன்றாம் வகுப்புப் புத்தி அவ்வளவுதான்.

புத்தாண்டுக்குச் சித்தி நோரியோடு வந்தாள். அவனுக்கு அப்போது நாலு வயது. வந்ததும் தொஸ்ஸானைப் பிடித்துக்கொண்டான். புறப்படும் நேரத்தில் நான் கையை நீட்டியதும் பாயில் விழுந்து காலை உதைத்துக் கத்தினான்.

"மசாயோ, நீ பெரியவதானே? விட்டுக் குடு. பொம்பளப் புள்ளைக்கு ராட்சசன் எதுக்குடி?" என்றாள் அம்மா. சொன்னதோடு நிற்கவில்லை. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, உள்ளங்காலில் இருந்த என் பெயரைத் துடைத்துவிட்டு அவன் கையில் கொடுத்தாள்.

நான் மெத்தை அடுக்கும் அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாரும் தேடி வரவில்லை. வெளியே புத்தாண்டு மோச்சி, அரிசிமாவுப் பண்டம், சுடும் வாசனையும் சிரிப்புச் சத்தமும். புதுப் பல் கோணலாக முளைத்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று பல் வைத்தியர் சொன்னார். அவருக்கு என்ன தெரியும். இன்றைக்கும் சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்கிறேன்.

நோரி வளர்ந்து பழைய பொம்மைகளைச் சேர்ப்பவர்களிடையே பெரிய ஆளானான். அவனுடைய தலையாய பெருமை என் தொஸ்ஸான்தான். தொழிற்சாலைக்காரர்கள் முதல் வார்ப்பில் மட்டும் ஆட்டினால் சத்தம் வரக் காலுக்குள் ஒலிக்கட்டை வைத்துப் பார்த்தார்களாம், பிறகு கைவிட்டார்களாம், நாட்டிலேயே இது ஒன்றுதானாம். எல்லாம் அவனே கட்டிய கதை. சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டான், மற்றவர்களும் நம்பினார்கள். ஒருநாளும் கழற்றிப் பார்த்ததில்லை. கழற்றினால் அதன் மதிப்புக் கெட்டுவிடுமாம்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன குளிர்காலத்தில் அவன் டிவியில் வந்து சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"இதை மசாயோ அக்கா சிரிச்சுக்கிட்டே எங்கிட்ட குடுத்தாங்க. 'உனக்குத்தான் இது, எடுத்துக்கோ'ன்னாங்க. இன்னிக்கும் அக்கா வந்து கேட்டா அந்த நிமிஷமே குடுத்துடுவேன். ஆனா கேட்க மாட்டாங்க. அவங்க மனசு அப்படி."

நிகழ்ச்சி நடத்தியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாவும் துடைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நன்றியுள்ள புள்ள பாரு. நீயும் சிரிச்சுக்கிட்டேதானே குடுத்தே," என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். ஒரு கிண்ணம் உடைந்தது.

வசந்தத்தில் ஒசாகாவில் ஒரு பெரிய கடையின் மேல்மாடியில் பழைய பொம்மைகளின் கண்காட்சி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நோரியின் பேச்சு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வேண்டுமென்றேதான்.

கூடம் முழுக்க நரைத்த ஆண்கள், கண்ணாடிப் பெட்டிகளில் மூக்கை ஒட்டிக்கொண்டு. "டேய், இதை எங்கம்மா பரீட்சைக்கு முந்தின நாள் குப்பையில போட்டாங்கடா," என்று ஒருவர் தழுதழுத்தார். "எங்க வீட்டுல அண்ணன் பட்டாசு வெச்சு வெடிச்சான்," என்றார் இன்னொருவர். அவர்களைப் பார்க்க எனக்கே நெஞ்சு இளகியது. பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

அதற்குள் நோரி வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தான். தொஸ்ஸானைத் தூக்கி ஒலிவாங்கி அருகே ஆட்டினான். கடகட. முன்வரிசைக்காரர்கள் கண்ணை மூடி ரசித்தார்கள். குளியல் தொட்டியில் கேட்ட அதே சத்தம்.

பிறகு அந்தச் 'சிரித்துக்கொண்டே கொடுத்த' கதை. சொல்லும்போதே என்னைப் பார்த்துவிட்டான்.

"அட, அக்காவே வந்திருக்காங்க! பெரியம்மாவும்! அக்கா, மேல வாங்க. அன்னிக்கு எப்படிக் குடுத்தீங்கன்னு நீங்களே சொல்லுங்க."

கைதட்டல். ஏறிப் போய் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டேன்.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி, இந்தக் காலுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லட்டுமா?"

"ஒலிக்கட்டைக்கா. தொழிற்சாலையில..."

"என் பல்லுடா."

கூடம் கொல்லென்று சிரித்தது.

"கீழ்வரிசை முன்பல். ஒரு ஓரம் துளி உடைஞ்சிருக்கும், குச்சி ஐஸைக் கடிச்சதுல. காலைக் கழட்டு. பல் இல்லேன்னா இதே மேடையில நெத்தி தரையில பட மண்டி போட்டு மன்னிப்புக் கேட்கறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. அப்படி மண்டி போடுகிறேன் என்று எங்கள் ஊரில் யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

"வெந்நீர் பட்டா சாயம் போயிடும்க்கா," என்றான் நோரி. அவன் நெற்றியில் வேர்த்திருந்தது.

முன்வரிசையில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் எழுந்தார். "அதெல்லாம் போகாதுப்பா. நாம எல்லாருமே வெந்நீர்ல போட்டுத்தானே கழட்டறோம்."

"டீக்கு வெச்ச வெந்நீர் அங்க இருக்கு பாருங்க!" என்றார் பின்னாலிருந்து ஒருவர். பாவம், அந்தக் காலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அவர்களுக்கும் பல வருஷமாகக் கை அரித்திருக்கிறது.

கிண்ணத்தில் வெந்நீர் வந்தது. நோரி கையுறையைக் கழற்றி, காலை முக்கிப் பிடித்தான். இளகியதும் திருகினான். பொளக்கென்று கழன்றது. கவிழ்த்தான். மேசைமேல் விரித்த கறுப்புத் துணியில் அது விழுந்தது. அரிசி மாதிரி இத்துனூண்டு, பழுப்பேறி.

வழுக்கைத் தலைக்காரர் பூதக்கண்ணாடியோடு மேடையேறிக் குனிந்தார். "பல்லுதான். ஓரம் உடைஞ்சிருக்கு," என்றார்.

நோரி அப்போதும் விடவில்லை. "அதனால என்ன? அக்கா ஆசையாக் குடுக்கும்போது பல்லையும் சேர்த்து..."

"விழுந்த பல்லை எறியக்கூட மனசு வராம இதுக்குள்ள ஒளிச்சு வெச்சவ, இதைச் சிரிச்சுக்கிட்டே தூக்கிக் குடுப்பாளாடா? நீ உருண்டு அழுதே, உனக்குக் கிடைச்சுது. நான் மெத்தை அலமாரிக்குள்ள போய் அழுதேன், யாருக்கும் கேட்கலை. டிவியில சொன்னியே, கேட்டா அந்த நிமிஷமே குடுத்துடுவேன்னு? இதோ கேட்கறேன். குடு."

நோரி கூட்டத்தைப் பார்த்தான். ஒரு முகமும் அவன் பக்கம் இல்லை. தொஸ்ஸானை என் பக்கம் நகர்த்தினான். கீழுதடு பிதுங்கியது, பாயில் உருண்ட அதே நாலு வயது உதடு. அப்புறம் பொலபொலவென்று கண்ணீர். இந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை மனசில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நேரில் இன்னும் நன்றாக இருந்தது.

"மசாயோ!" முன்வரிசையில் அம்மா கைத்தடியை ஊன்றி எழுந்துவிட்டாள். "புள்ள அழறான்டி. இத்தனை பேர் முன்னாடி என்ன இது? நீ பெரியவதானே? விட்டுக் குடேன்."

அதே வார்த்தை. அதே தொனி. குரல் மட்டும் கிழடாகியிருந்தது. என் கோபத்தில் பெரிய பங்கு யாருக்கு என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

"என் பேரை அழிச்சது நீதானேம்மா?" ஒலிவாங்கி என் கையில்தான் இருந்தது. "உள்ளங்கால்ல எழுதியிருந்தேன். பஞ்சை வெச்சுத் துடைச்சே."

அம்மா கைத்தடியின் பிடியைப் பார்த்தாள். "எனக்கு... ஞாபகமில்லை."

"எனக்கு இருக்கு."

பல்லை எடுத்து நோரியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கினேன். "பெரியவ இல்லையா, விட்டுக் குடுக்கறேன். சத்தம்தானே உன் பெருமை? இது உனக்கு." தொஸ்ஸானையும் காலையும் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொள்ளவில்லை.

ரயிலில் அம்மா என் மடியிலிருந்த பையையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு நெருங்கும்போது, "அவனுக்கு ஒரு போன் பண்ணி..." என்று ஆரம்பித்தாள்.

"மாட்டேன்."

சாயங்காலம் தொட்டியை நிரப்பி, தொஸ்ஸானோடு குளித்தேன். வெந்நீரில் கால் சுலபமாகப் பொருந்திக்கொண்டது. பழக்கதோஷத்தில் ஆட்டிப் பார்த்தேன். சத்தமில்லை. கொஞ்ச நேரம் அவனை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் ஆறும்வரை அழுதேன். இந்த முறை ஒளிந்துகொள்ளவில்லை, சத்தமாகவே அழுதேன். அம்மா அடுத்த அறையில்தான் இருந்தாள். அவள் காதில் விழட்டும்.

பிறகு அவனைத் துடைத்து, அழியாத மைப் பேனாவால் உள்ளங்காலில் பெரிதாக என் பெயரை எழுதினேன். சாப்பாட்டு மேசையில், அம்மா உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே, உள்ளங்கால் அவளைப் பார்க்கும்படி அவனைப் படுக்க வைத்தேன்.

"சாப்பிட வாம்மா," என்று கூப்பிட்டேன்.