பாதிக்குப் பாதி

என் கணவர் பேருந்து ஓட்டுகிறார். அது பிழைப்பு. உயிரெல்லாம் பின்னறைப் பெட்டிகளில் இருக்கும் பதினோரு மலைப்பாம்புகள் மீதுதான். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் ரகம். கடிக்கவெல்லாம் அவற்றுக்குத் தைரியம் கிடையாது. எந்த நிறம் எந்தப் பாம்பின் வழியாக எந்தக் குஞ்சுக்கு வந்தது என்று நோட்டில் எழுதிவைப்பார். எங்கள் கல்யாண நாள் அவருக்கு நினைவிருக்காது. பாம்புகளுக்கு மட்டும் பாட்டன் பூட்டன் வரை மனப்பாடம்.

அவற்றில் ஒருவன் தலையாட்டி. பொன்னிற உடம்பில் சிலந்தி வலை போல மெல்லிய கறுப்புக் கோடுகள். பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் தலை ஓரிடத்தில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிறானே, இந்த வீட்டில் என்னோடு ஒத்துப்போகிற ஒரே ஆண்பிள்ளை இவன்தான் என்று நான் சொல்வதுண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தாள். மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். முகம் வாடியிருந்தது, மசக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

"தலையாட்டிக்கு இந்த வருஷமாவது ஜோடி சேத்தீங்களாப்பா?" என்று பேச்சுக்குத்தான் கேட்டாள். அது போதாதா அவருக்கு?

"சேக்க மாட்டேன்டா. அந்தக் கோடும் அந்த ஆட்டமும் ஒண்ணாத்தான் வரும். அழகு மட்டும் போதும்னு பிரிச்செடுக்க முடியாது. குஞ்சுல பாதிக்குப் பாதி அப்படித்தான் பொறக்கும். தெரிஞ்சே பொறக்க வைக்கிறது பாவம்."

மகளின் முகம் சுண்டிப்போனது. மேசைக்கு அடியில் வைத்திருந்த வலது கையை எடுத்து எங்கள் முன்னால் நீட்டினாள். விரல்கள் நடுங்கின. அந்த நடுக்கத்தை எனக்கு அடையாளம் தெரியாதா? என் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. உயிருக்கு ஒன்றும் செய்யாது. நாலு பேர் முன்னால் ஒரு பொருளை எடுக்கப்போனால் மானத்தை வாங்கும், அவ்வளவுதான்.

"எப்போலேர்ந்துடி?"

"ரெண்டு மாசமா. டாக்டர் அதேதான்னு சொல்லிட்டார். கொழந்தைக்கும் பாதிக்குப் பாதியாம்." அவள் அப்பாவையே பார்த்தாள். "நான் பண்றதும் பாவமாப்பா?"

பாம்புப் பேச்சு என்றால் குறுக்கே லாரி வந்தாலும் நிறுத்தாத மனிதர். நான் முறைத்த முறைப்பில் சுருங்கிப்போனார்.

"கோடு அழகா இருக்குன்னு தலையாட்டி மாதிரி ஒண்ண வேணும்னே உண்டாக்கறது நாமதான்," என்றார் மெதுவாக. "அவன் ஒரு இரையப் பிடிக்கறதுக்குள்ள நாலு தடவை தவறுவான். மேல எது, கீழ எதுன்னே அவனுக்குக் குழம்பிடும். என் ஆசைக்கு அவன் கஷ்டப்படணுமா? அதத்தான் பாவம்னு சொன்னேன். உன் கொழந்தை அப்படியா?"

"எனக்கு இது வரும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, என்னைப் பெத்திருப்பீங்களா?"

"வரலாம்னு தெரியுமே."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடி உங்க தாத்தாவப் பாக்கப் போனேன். அவர் குடுத்த டீ பாதி என் சட்டையில. அப்புறம் உங்கம்மா கையையும் கவனிச்சேன். நாளைக்கு எங்களுக்குப் பொறக்கிறதுக்குப் பாதிக்குப் பாதின்னு திரும்பி வர்ற பஸ்லயே கணக்குப் போட்டுட்டேன். எறங்கறதுக்குள்ள இவளத்தான் கட்டிக்கணும்னு முடிவும் பண்ணிட்டேன். நீ பொறந்ததும் நர்ஸ் உன்னை என்கிட்ட குடுத்தாங்க. என் வெரலக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டே. அதோட அந்தக் கணக்கு மறந்தே போச்சுடா."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். கல்யாணமான முதல் வருடம் முழுக்க இவருக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று அரைக் கோப்பைத் தேநீர்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ததும்பினால் குட்டு உடைந்துவிடுமே! கஞ்சப் பிசினாறி என்று கேலி செய்தார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"பெரிய கெட்டிக்காரத்தனமா மறைச்சுட்டதா நெனச்சு சந்தோஷமா இருந்தே. அத நான் ஏன் கெடுக்கணும்?"

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு எழுந்துபோய் ஒரு கோப்பையை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினாள். அது அவள் கையில் ஆடியது.

"டீ ஊத்தும்மா. விளிம்பு வரைக்கும்."

கெட்டிலோடு என் கை ஒரு பக்கம் ஆட, அவள் கை இன்னொரு பக்கம் ஆட, பாதி மேசையில்தான் விழுந்தது. மீதியைக் குடித்துவிட்டு, பசிக்கிறது என்றாள்.